காலில் புடைக்கும் நரம்பு: வெரிகோஸ் வெயினும் ஸ்பைடர் வெயினும்

ஒரு கையைக் கீழே தொங்கவிட்டு அரை நிமிடம் சும்மா இருங்கள். புறங்கையில் பச்சையும் நீலமுமாக ரத்தக்குழாய்கள் எழும்பி நிற்கும். கிளை பிரியாமல் நேராக ஓடும் ஒன்றைப் பார்த்து, விரல் முட்டிக்குப் பக்கத்தில் அதை மறு கையின் ஆள்காட்டி விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். அழுத்தியதை விடாமல், நடுவிரலால் அந்தக் குழாயை மணிக்கட்டுப் பக்கமாக வழித்துவிட்டு நடுவிரலை மட்டும் எடுங்கள். வழித்த இடம் தட்டையாகவே கிடக்கும். சற்று மேலே ஓரிடத்தில் ரத்தம் வந்து முட்டிக்கொண்டு நிற்கும், அதைத் தாண்டிக் கீழே இறங்காது. இப்போது ஆள்காட்டி விரலையும் எடுத்தால் குழாய் கீழிருந்து குப்பென்று நிரம்பிவிடும்.

ரத்தம் முட்டி நின்ற இடத்தில்தான் வால்வு இருக்கிறது. முன்கையில் கட்டுப்போட்டு இதே சோதனையைச் செய்து காட்டித்தான், ரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்பதற்கு ஆதாரம் சேர்த்தார் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி. அவர் நூல் வெளிவந்தது 1628-இல். அதற்கு 25 வருடம் முன்பே, அவருக்கு இத்தாலியின் பாதுவாவில் பாடம் சொன்ன ஃபாப்ரிசியஸ் இந்த வால்வுகளைப் படம் போட்டே காட்டியிருந்தார். ஆனால், ரத்தம் மொத்தமாகக் காலுக்கு இறங்கிவிடாமல் வேகத்தைக் குறைக்கும் தடுப்புகள் என்று அவர் நினைத்துவிட்டார். இவை ரத்தத்தை இதயப் பக்கம் மட்டும்தான் விடும் என்பது மாணவருக்குத்தான் பிடிபட்டது.

ஊரில் 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்று சொல்வதும், மருத்துவர் வெரிகோஸ் வெயின் என்று எழுதுவதும் இந்த வால்வு கெட்டுப்போன கதையைத்தான். சுருண்டிருப்பது நரம்பு இல்லை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை என்ற ரத்தக்குழாய். அதனால் நரம்புக்கு என்று கடையில் கேட்டு வாங்கும் விட்டமின் மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ரத்தம் மேலே ஏறும் வழி

நாம் நிற்கும்போது கணுக்காலிலிருந்து இதயம் ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரத்தம் கீழே இறங்கும்போது இதயம் தள்ளிவிட்ட வேகம் இருக்கும். பாதம் வரை போய்ச் சுற்றித் திரும்பும்போது அந்த வேகம் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். அதை மேலே ஏற்றுகிற வேலையைக் கெண்டைக்கால் தசை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அந்தத் தசை இறுகி, தனக்குள் ஓடும் சிரைகளைப் பிழிகிறது. பிழியப்பட்ட ரத்தம் மேலே போகிறது. தசை தளரும்போது அது திரும்பிக் கீழே விழாமல் வால்வு பிடித்துக்கொள்கிறது.

கிணற்று மோட்டார் வைத்திருந்தவர்களுக்குப் புட்வால்வு தெரிந்திருக்கும். அது சரியாக இருக்கும்வரை மோட்டாரை நிறுத்தினாலும் குழாயில் ஏறிய தண்ணீர் அப்படியே நிற்கும். வால்வு தேய்ந்துவிட்டால் ஏறியதெல்லாம் கிணற்றுக்கே இறங்கிவிடும். மோட்டாரில் ஒரு குறையும் இருக்காது, ஆனாலும் தண்ணீர் வராது. காலில் நடப்பதும் இதேதான்.

கால் சிரைகள் இரண்டு அடுக்காக ஓடுகின்றன. தசைகளுக்கு உள்ளே ஆழமாக ஓடுபவைதான் பிரதான பாதை, காலிலிருந்து திரும்பும் ரத்தத்தில் சுமார் 90 சதவீதம் அவற்றின் வழியாகவே போகிறது. மீதி, தோலுக்கு அடியில் ஓடும் மேல் அடுக்கில் வருகிறது. மேல் அடுக்கில் பெரியது, உள் கணுக்காலுக்கு முன்னால் தொடங்கிக் காலின் உட்புறமாகவே ஏறி, தொடை வழியாகக் கவட்டை வரை போகும் பெரிய சஃபீனஸ் சிரை. இன்னொன்று, வெளிக் கணுக்காலுக்குப் பின்னால் தொடங்கிக் கெண்டைக்காலின் நடுவில் ஏறும் சிறிய சஃபீனஸ். இரண்டு அடுக்கையும் ஆங்காங்கே சின்னச் சின்ன இணைப்புக் குழாய்கள் சேர்க்கின்றன. அவற்றிலும் வால்வு உண்டு.

அசையாமல் நிற்கிற ஒருவரின் கணுக்காலில் சிரை அழுத்தம் 90 மில்லிமீட்டர் பாதரசம் அளவுக்கு இருக்கும். பத்தடி நடந்தாலே அது 30-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். வால்வு கெட்டவருக்கு நடந்தாலும் இந்த அழுத்தம் சரியாக இறங்குவதில்லை. நாள் முழுக்க அதிக அழுத்தத்திலேயே கிடக்கும் சிரை மெல்ல விரிகிறது. விரிந்தால் அடுத்த வால்வின் இரு மடல்களும் ஒன்றையொன்று தொடாமல் விலகிவிடும், அதுவும் கசியத் தொடங்கும். இப்படியே ஒன்றை அடுத்து ஒன்றாகப் போய், கடைசியில் குழாய் நீண்டு, வளைந்து, புடைத்து வெளியே தெரிகிறது. ஆகவே கெண்டைக்காலில் முடிச்சு முடிச்சாக நாம் பார்ப்பது விளைவைத்தான். கோளாறு பெரும்பாலும் அதற்கு ஒன்றரை அடி மேலே, கவட்டைக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் சிகிச்சை பற்றிச் சொல்வதெல்லாம் எளிதாகப் புரியும்.

சிலந்தி வலையும் சுருளும்

தோலின் மேற்பரப்பிலேயே சிவப்பாகவோ ஊதாவாகவோ மெல்லிய இழைகளாகத் தெரிபவை ஸ்பைடர் வெயின். இவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டவை, தடவிப் பார்த்தால் கையில் தட்டுப்படாது. ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வரை இருப்பவை, தோலுக்குச் சற்றுக் கீழே நீலப்பச்சையாக ஓடும் வலைச் சிரைகள். நின்றபடி அளக்கும்போது மூன்று மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால்தான் வெரிகோஸ். அது கையில் தட்டுப்படும், படுத்துக் காலைத் தூக்கினால் வடிந்துவிடும்.

ஸ்பைடர் வெயின் பெரும்பாலும் அழகுப் பிரச்சினை மட்டும்தான். அதைப் பார்த்து யாரும் தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சிலருக்கு அந்த இடத்தில் லேசான எரிச்சல் இருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் உள் கணுக்காலைச் சுற்றி விசிறி விரித்ததுபோல் கொத்தாக இழைகள் தெரிந்தால் மட்டும் சாதாரணமாக விடக்கூடாது. உள்ளே பெரிய சிரை கசிகிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. இணையத்தில் கிடைக்கும் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோல் கால்கள். சிவப்பு இழை, ஊதாப் புள்ளி எல்லாம் அதில் பளிச்சென்று தெரியும். மாநிறத்திலும் கறுப்பிலும் அப்படித் தெரியாது. அதனால் நிறத்தைத் தேடுவதைவிடக் கணுக்காலுக்கு மேலே தோல் மற்ற இடத்தைவிடக் கருத்திருக்கிறதா, மினுமினுவென்று இறுகியிருக்கிறதா, தொட்டால் கெட்டியாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நின்றபடி, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

யாருக்கு வருகிறது

முதல் காரணம் பரம்பரை. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு அதிகம், இருவருக்குமே இருந்தால் இன்னும் அதிகம். அப்புறம் வயது, உடல் எடை. பெண்களிடம் ஆண்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது, அதில் கர்ப்பத்துக்குப் பெரிய பங்கு. கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு கூடுகிறது, புரொஜெஸ்ட்ரோன் ஹார்மோன் சிரையின் சுவரைத் தளர்த்துகிறது, வளரும் கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துகிறது. மூன்றும் ஒன்றுசேர்ந்தால் காலில் வரி வரியாகக் கிளம்பத்தான் செய்யும். பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் பெரும்பகுதி தானாகவே வடிந்துவிடும். அதனால் கர்ப்பிணிகளுக்கு இதற்கென்று ஊசியோ லேசரோ செய்வதில்லை. காலுறை, இடதுபக்கம் ஒருக்களித்துப் படுப்பது, நடை, இவற்றோடு நிறுத்திக்கொள்வார்கள்.

முன்பு எப்போதாவது ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருந்தால், அது கரைந்த பின்னும் வால்வு சேதமாகிவிட்டிருக்கும். அதனாலும் வரலாம்.

பிறகு, நின்றுகொண்டே பார்க்கும் வேலை. சமையல் மாஸ்டர், போக்குவரத்துக் காவலர், சலூன்காரர், செவிலியர், ஆசிரியர் என்று பட்டியல் நீளம். நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருபவர்கள் ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நிற்கும் பெண்கள். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும் வரை ஒரே கவுண்ட்டருக்குப் பின்னால் நிற்பார்கள். வாடிக்கையாளர் இல்லாதபோதும் உட்காரக்கூடாது என்பது பல கடைகளில் எழுதாத விதி. கேரளத்தில் பெண் தொழிலாளர்கள் இதற்காகப் போராடி, 2018-இல் சட்டத் திருத்தம் வந்தது. தமிழ்நாட்டில் 1947-ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021 செப்டம்பரில் திருத்தம் கொண்டுவந்தார்கள். ஊழியர்களுக்கு இருக்கை வைக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார வழிசெய்ய வேண்டும் என்கிறது அது. சட்டம் வந்துவிட்டது. ஸ்டூலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை அடுத்த முறை தீபாவளித் துணி எடுக்கப் போகும்போது நீங்களே பாருங்கள்.

நிற்பது என்றால் அசையாமல் நிற்பதைத்தான் சொல்கிறேன். அதே நேரத்தை நடந்தபடி கழித்தால் கெண்டைக்கால் தசை வேலை செய்துகொண்டிருக்கும். நின்றே ஆக வேண்டியவர்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினாலும் அந்தத் தசை ரத்தத்தைப் பிழிந்து அனுப்பும். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தால் வெரிகோஸ் வரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. பெரியவர்கள் முன்னால் அப்படி உட்காரக்கூடாது என்பது வேறு விஷயம்.

எப்போது கவலைப்பட வேண்டும்

தொடக்கத்தில் சாயங்காலக் கனம்தான் இருக்கும். காலையில் எழும்போது லேசாக இருக்கும் கால், பொழுது சாயச் சாய ஈயக்குண்டு கட்டியதுபோல் கனக்கும். கணுக்காலில் சாக்ஸின் எலாஸ்டிக் தடம் ஆழமாகப் பதியும். இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். படுத்துக் காலை உயர்த்தினால் சுகமாக இருக்கும். சிலருக்குப் பெரிய பெரிய முடிச்சுகள் இருந்தும் வலியே இருக்காது. சிலருக்கு வெளியே ஒன்றும் தெரியாமல் கனம் மட்டும் இருக்கும்.

மருத்துவர்கள் இதை சி0 முதல் சி6 வரை ஏழு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். ஸ்பைடர் வெயின் சி1, வெரிகோஸ் சி2, வீக்கம் சேர்ந்தால் சி3. தோல் கருத்து, அரிப்பெடுத்து, இறுகத் தொடங்கினால் சி4. புண் வந்து ஆறியிருந்தால் சி5, புண் ஆறாமல் இருந்தால் சி6. எல்லோரும் ஒன்றிலிருந்து ஆறுக்குப் படிப்படியாகப் போவார்கள் என்று இல்லை. பெரும்பாலானோர் இரண்டிலோ மூன்றிலோ நின்றுவிடுவார்கள். ஆனால் நான்காவது நிலை வந்துவிட்டால் இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று பொருள்.

அந்த நான்காவது நிலைதான் நம்மிடம் அதிகம் தவறவிடப்படுகிறது. கணுக்காலுக்கு மேலே அரிக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் களிம்பு வாங்கித் தடவுவார்கள். படை என்று நினைத்து ஒரு களிம்பு, ஒவ்வாமை என்று நினைத்து இன்னொன்று. பாதிக்கு மேல் ஸ்டீராய்டு கலந்தவையாக இருக்கும். அரிப்பு நாலு நாள் அடங்கும், தோல் மெலியும், மறுபடி அரிக்கும். உள்ளே அழுத்தம் தாங்காமல் சிரையிலிருந்து கசிந்த சிவப்பணுக்கள் சிதைந்து, அவற்றின் இரும்புச்சத்து தோலில் தங்கிக் கருக்க வைக்கிறது. அது அழற்சியையும் தூண்டுகிறது. மேலே களிம்பு பூசி அந்த அழுத்தத்தைக் குறைக்க முடியாது. சொறிந்த இடத்தில் ஒரு சின்னக் கீறல் விழும், கட்டில் கால் இடித்து ஒரு காயம் ஆகும். அது ஆறாமல் அகன்றுகொண்டே போகும். சிரைக் கோளாறால் வரும் புண் பெரும்பாலும் உள் கணுக்காலுக்குச் சற்று மேலே, ஆழமில்லாமல், நீர் கசிந்தபடி இருக்கும். சர்க்கரை நோயால் வரும் புண் பெரும்பாலும் உள்ளங்காலிலோ விரலிலோ வரும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

வீக்கம் எல்லாம் வெரிகோஸும் இல்லை. இதயம், சிறுநீரகம், கல்லீரல் கோளாறுகளில் இரண்டு காலும் வீங்கும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் மாத்திரை பலருக்குக் கணுக்கால் வீக்கம் தரும். யானைக்கால் நோயின் தொடக்கமும் வீக்கம்தான். ஆகவே கால் வீங்கியவுடன் நாமே வெரிகோஸ் என்று முடிவு கட்டிக் காலுறை வாங்கிவிடக்கூடாது.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலைமைகளும் உண்டு. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும், 108-ஐ அழைக்க வேண்டிய நேரம் அது. புடைத்த சிரை கயிறுபோல் கெட்டியாகி, சிவந்து, சூடாக வலித்தால் அதன் உள்ளே ரத்தம் உறைந்து அழற்சி ஏற்பட்டிருக்கிறது. அதையும் அன்றைக்கே காட்டிவிட வேண்டும்.

ரத்தப்போக்கும் வரலாம். கணுக்கால் பக்கம் தோல் மெலிந்த இடத்தில் ஒரு சின்னச் சிரை, குளிக்கும்போதோ துண்டால் துடைக்கும்போதோ உடைந்துவிடும். வலி இருக்காது, ஆனால் ரத்தம் பீய்ச்சியடிக்கும். பயந்துபோய் நின்றுகொண்டே இருந்தால் நிற்காது, உட்கார்ந்தாலும் நிற்காது. அங்கேயே தரையில் படுத்துவிட வேண்டும். காலைச் சுவரிலோ நாற்காலியிலோ இதயத்தைவிட உயரமாக வைத்து, சுத்தமான துணியை மடித்து உடைந்த இடத்தில் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். முழங்காலுக்கு மேலே கயிறு கட்டி இறுக்குவது ஆபத்து. சிரையை மட்டும் அடைத்து, காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயான தமனியை அடைக்காத கட்டு ரத்தப்போக்கை அதிகமாக்கும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இதைச் சொல்லிவைப்பது அவசியம்.

நின்றபடி ஒரு ஸ்கேன்

சிகிச்சை எதுவானாலும் முதலில் செய்ய வேண்டியது டாப்ளர் ஸ்கேன். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேன் போன்றதுதான், ஊசி இல்லை, வலி இல்லை. ஜெல் தடவி, கவட்டையில் கருவியை வைத்துப் பெரிய சஃபீனஸ் ஆழ்சிரையோடு சேரும் இடத்தைப் பார்ப்பார்கள். இன்னொரு கையால் கெண்டைக்காலை ஒரு பிழி பிழிந்து விடுவார்கள். பிழியும்போது ரத்தம் மேலே போவது திரையில் ஒரு நிறத்தில் தெரியும். விட்டவுடன் வால்வு சரியாக இருந்தால் நிறம் சட்டென்று மறையும். கெட்டிருந்தால் எதிர் நிறம் தோன்றி, ரத்தம் கீழே இறங்குவதைக் காட்டும். மேல் அடுக்குச் சிரையில் அரை வினாடிக்கு மேல் அது நீடித்தால் கசிவு என்று கணக்கு.

இந்தப் பரிசோதனையை நிற்க வைத்துத்தான் செய்ய வேண்டும். படுக்க வைத்தே முடித்துவிட்டால் கசிவு தெரியாமல் போகலாம். உங்களுக்கு அப்படி நடந்தால் தயங்காமல் கேளுங்கள். எந்தச் சிரை, எந்த இடத்தில் கசிகிறது, விட்டம் எவ்வளவு, ஆழ்சிரை திறந்திருக்கிறதா என்ற நான்கும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். இவை இல்லாமல் நேரடியாக லேசருக்குத் தேதி கொடுக்கும் இடத்தில் நான் காலை நீட்டமாட்டேன்.

வீட்டில் செய்வதும் காலுறையும்

நடை, எடை குறைப்பது, மாலையில் காலை அரைமணி நேரம் உயர்த்தி வைப்பது. இவை கனத்தையும் வீக்கத்தையும் குறைக்கும். கெட்ட வால்வைச் சரிசெய்யாது. டையோஸ்மின், ஹெஸ்பெரிடின் கலந்த மாத்திரைகளும் அப்படித்தான். வீக்கமும் கனமும் குறையலாம், புடைத்தது மறையாது.

அழுத்தக் காலுறை என்பது சாதாரண சாக்ஸ் இல்லை. கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும்படி பின்னியது. 20 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் தருவதைத்தான் பலருக்கு எழுதித் தருவார்கள். முழங்காலுக்குக் கீழ் வரை இருப்பதே பெரும்பாலோருக்குப் போதும். கணுக்கால், கெண்டைக்கால் சுற்றளவை டேப் வைத்து, அதுவும் காலையில், வீக்கம் ஏறும் முன் அளந்து வாங்க வேண்டும். எஸ், எம், எல் என்று குத்துமதிப்பாக வாங்கினால் பீரோவில்தான் தூங்கும்.

போடுவதற்கும் முறை இருக்கிறது. காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன் போட்டுவிட வேண்டும். காலுறைக்குள் கைவிட்டுக் குதிகால் பகுதியைப் பிடித்து, அதுவரை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிக்கொள்ளுங்கள். பாதத்தை முதலில் நுழைத்து, குதிகால் சரியாக உட்கார்ந்த பிறகு மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் பிடி நழுவாது. வியர்வை இருந்தால் டால்கம் பவுடர் தடவிக்கொள்ளலாம். மேல் விளிம்பைச் சுருட்டி மடக்கிவிடக்கூடாது, அது அங்கே கட்டுப்போட்டதுபோல் இறுக்கிவிடும். இரவில் கழற்றிவிடலாம். துவைத்துத் துவைத்து ஆறேழு மாதத்தில் இழுவை போய்விடும், புதிது வாங்க வேண்டும். மே மாதச் சென்னை வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு திரிவது சுலபம் என்று சொன்னால் நம்பாதீர்கள். வேலை நேரத்திலாவது போடுங்கள் என்றுதான் சொல்ல முடியும்.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரை நோயாளிகள், புகைபிடிப்பவர்கள், சற்று நடந்தாலே கெண்டைக்கால் வலித்து நின்றால் சரியாகிறவர்கள் ஆகியோருக்குக் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியிலேயே அடைப்பு இருக்கலாம். அந்தக் காலை மேலும் இறுக்கினால் விரல்களுக்கு ரத்தம் போகாது. கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிடும் எளிய சோதனையைச் செய்த பிறகே காலுறை.

கசியும் குழாயை மூடுவது

ரோமானியத் தளபதி மாரியஸுக்கு இரண்டு காலிலும் வெரிகோஸ் இருந்ததாக புளூட்டார்க் எழுதியிருக்கிறார். கட்டிப்போடாமலேயே ஒரு காலை நீட்டி, முனகாமல் அறுவை செய்துகொண்டாராம். மருத்துவர் அடுத்த காலுக்கு வந்தபோது, இந்த வலிக்கு இந்தப் பலன் போதாது என்று சொல்லி நிறுத்திவிட்டாராம். இருபதாம் நூற்றாண்டில் மயக்கமருந்து வந்துவிட்டதே தவிர, கவட்டையில் கீறி, பெரிய சஃபீனஸை முடிச்சுப் போட்டு, கம்பி விட்டு உருவி எடுப்பதுதான் வழக்கமான முறையாக இருந்தது. வேலை செய்யும் முறைதான், இன்றைக்கும் சில இடங்களில் செய்கிறார்கள். ஆனால் ரத்தக்கட்டும் வலியும் அதிகம், ஓய்வும் அதிகம் தேவை.

2000-ஐ ஒட்டிய வருடங்களில் நிலைமை மாறியது. குழாயை உருவாமல் உள்ளேயே சுட்டு மூடிவிடும் முறைகள் வந்தன. முழங்கால் பக்கத்தில் ஊசி குத்தி, அதன் வழியாக மெல்லிய லேசர் இழையையோ ரேடியோ அலைக் குழலையோ கவட்டை வரை ஏற்றுகிறார்கள். சிரையைச் சுற்றி மரத்துப்போகும் மருந்து கலந்த உப்புநீரை ஏராளமாக ஏற்றுகிறார்கள். அது வலியைத் தடுக்கிறது, சூடு பக்கத்துத் திசுவுக்குப் போகாமல் காக்கிறது, குழாயையும் நெருக்கிப் பிடிக்கிறது. பிறகு சுட்டபடியே இழையை மெல்லக் கீழே இழுக்கிறார்கள். ரேடியோ அலை முறையில் சூடு 120 டிகிரி செல்சியஸ். ஒரு காலுக்கு ஒரு மணி நேரம் போல ஆகும். முடிந்தவுடன் நடக்கச் சொல்வார்கள், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். சில நாட்களுக்குத் தொடையின் உள்பக்கம் நாண்போல் இழுக்கும், கன்றிப்போன தடம் இருக்கும், சிலருக்குக் கணுக்கால் பக்கம் மரமரப்பு சில மாதம் நீடிக்கும். மூடிய குழாயை உடல் மெல்ல மெல்லக் கரைத்து நாராக்கிவிடும்.

சயனோஅக்ரிலேட் பசையை உள்ளே விட்டு ஒட்டும் முறையும் இருக்கிறது. தொடை முழுக்க ஊசி குத்த வேண்டியதில்லை என்பது அதன் வசதி, விலையும் சிலருக்கு வரும் ஒவ்வாமையும் அதன் குறை. பாலிடோகனால் போன்ற மருந்தைக் காற்றோடு கலந்து நுரையாக்கி ஊசியில் ஏற்றுவது இன்னொரு முறை. செலவு குறைவு, ஆனால் பெரிய சிரையில் மறுபடி திறந்துகொள்ளும் வாய்ப்பு சூட்டு முறைகளைவிட அதிகம். வெளியே புடைத்து நிற்கும் முடிச்சுகளை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீறல் வழியாகக் கொக்கியால் எடுத்துவிடுவார்கள். தையல் தேவைப்படாது.

பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2013-இல் ஒரு வரிசை சொன்னது. முதலில் சூட்டு முறை, அது பொருந்தாவிட்டால் நுரை ஊசி, அதுவும் பொருந்தாவிட்டால் அறுவை. சிகிச்சைக்கு ஏற்ற நிலையில் இருப்பவருக்குக் காலுறையை மட்டும் கொடுத்து அனுப்பக்கூடாது என்றும் சொன்னது. புண் வந்தவர்களுக்கு இன்னும் அவசரம் என்பதை 2018-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. 450 பேரில், கட்டுப் போடுவதோடு உடனே கசியும் சிரையையும் மூடியவர்களுக்கு நடுமட்டமாக 56 நாளில் புண் ஆறியது. புண் ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருந்தவர்களுக்கு 82 நாள். நம் ஊரில் இன்னமும் புண் ஆறிய பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவது நடக்கிறது.

ஸ்பைடர் வெயினுக்கு மெல்லிய ஊசியால் மருந்தை அந்த இழைக்குள்ளேயே விடுவதுதான் நல்ல வழி. சில வாரங்களில் மங்கும். ஒரே தடவையில் போகாது, இரண்டு மூன்று தடவை வர வேண்டியிருக்கும். உள்ளே பெரிய சிரை கசிந்துகொண்டிருந்தால் அதை முதலில் மூட வேண்டும், இல்லாவிட்டால் பூசிய சுவரில் ஈரம் கிளம்புவதுதான். மேலிருந்து தோலில் அடிக்கும் லேசர் கறுப்புத் தோலில் சூடுபட்ட தழும்போ வெள்ளைத் திட்டோ விடக்கூடும். ஊசி போட்ட இடத்திலும் பழுப்புத் தடம் விழலாம், பெரும்பாலும் சில மாதங்களில் மங்கிவிடும். ஒரு காலில் சின்ன இடத்தில் போட்டுப் பார்த்துவிட்டு மீதியைச் செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

கேட்கும் சந்தேகங்கள்

குழாயை மூடிவிட்டால் ரத்தம் எப்படிப் போகும் என்று பலரும் பயப்படுகிறார்கள். போக வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி ஆழ்சிரை வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. கசியும் குழாய் அதற்கு உதவவில்லை, ஏற்றியதையே மறுபடி கீழே இறக்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் ஆழ்சிரை திறந்திருக்கிறதா என்று முதலிலேயே பார்க்கிறோம். பின்னால் இதயத்தில் பைபாஸ் செய்ய இந்தச் சிரை தேவைப்படுமே என்பார்கள். புடைத்துக் கோணிய சிரை அதற்குப் பயன்படாது. மார்புத் தமனி, கைத் தமனி என்று வேறு வழிகளும் அறுவை நிபுணர்களிடம் உண்டு.

அட்டைவிட்டுக் கெட்ட ரத்தத்தை எடுத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சிரையில் ஓடுவதை அசுத்த ரத்தம் என்று படித்ததன் மிச்சமோ என்னவோ. அதில் ஆக்சிஜன் குறைவு, அவ்வளவுதான். எவ்வளவு எடுத்தாலும் வால்வு மூடப்போவதில்லை. கண்டங்கத்திரி எண்ணெய், கடுகெண்ணெய் எல்லாம் நீவும்போது இதமாக இருக்கும். ஆனால் சிவந்து கெட்டியான சிரையை அழுத்தி நீவக்கூடாது.

மறுபடி வருமா? வரலாம். மூடியது மூடியபடி இருக்க, பக்கத்தில் இன்னொரு கிளை சில வருடங்களில் கசிய ஆரம்பிக்கலாம். சிரைச் சுவரின் பலவீனம் பிறவியில் வந்தது, ஒரு குழாயோடு போவதில்லை. அப்போது முதல் தடவை அளவுக்குப் பெரிய வேலை பெரும்பாலும் தேவைப்படாது, ஒரு நுரை ஊசியில் முடிந்துவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை, ஸ்பைடர் வெயின் ஊசியை அழகுக்கான சிகிச்சை என்று காப்பீட்டு நிறுவனங்கள் ஒதுக்கிவிடும். வெரிகோஸுக்குக் கிடைக்கும், ஆனால் பல பாலிசிகளில் இரண்டு வருடக் காத்திருப்புக் காலம் இருக்கிறது. தேதி குறிக்கும் முன் பாலிசியை எடுத்துப் படித்துவிடுங்கள். லேசர் இழை, காலுறை, பின்னால் எடுக்கும் ஸ்கேன் ஆகியவை மருத்துவமனை சொல்லும் மொத்தத் தொகைக்குள் வருமா, தனி பில்லா என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.